தலைப்புத் தருவதும் கேள்வி தருவதும்

தமிழ்நாட்டுக் கல்வியியல் வழக்கில் ஒப்படைப்பு என்றும், இலங்கையில் ஒப்படை என்றும், மாணவர் பேச்சில் அசைன்மெண்ட் அல்லது ப்ராஜெக்ட் என்றும் வழங்கும் பணி, மாணவர் பாடநூலுக்கு வெளியே சென்று ஒன்றைத் தேடவும், தேடிக் கண்டதை ஆராயவும், ஆராய்ந்ததைத் தம் சொல்லில் எழுதவும் பழக வேண்டும் என்னும் நோக்கத்தில் கல்வித்திட்டத்தில் இடம்பெற்றது. நடைமுறையில் அது பெரும்பாலும் அவ்வாறு நிகழ்வதில்லை என்பதை ஆசிரியரும் பெற்றோரும் மாணவரும் ஒருங்கே அறிவர். ‘விடுதலைப் போராட்ட வீரர்கள்’, ‘நீர் மாசுபாடு’, ‘ஐம்பெருங்காப்பியங்கள்’ என்று தலைப்பு அறிவிக்கப்பட்டதும், எழுதுபொருள் கடையில் படத்தாள் வாங்கி வெட்டி ஒட்டப்படுகிறது. ஜெராக்ஸ் கடையில் நான்கைந்து பக்கங்கள் அச்செடுக்கப்படுகின்றன. வீட்டில் அக்காளோ அம்மாவோ ஓரங்களில் வண்ணக் கோடு போட்டு உதவுகிறார். ஸ்பைரல் பைண்டிங் செய்யப்பட்டு உரிய நாளில் ஆசிரியர் மேசையை அடையும் அந்தத் தொகுப்பில், மாணவர் தாமே தேடிக் கண்டறிந்தது என்று சொல்லத்தக்க ஒரு வரியைக் காண்பது அரிதாக இருக்கிறது.

இதற்கு மாணவரின் சோம்பலையும் கைப்பேசியையும் காரணம் காட்டுவது வழக்கம். ஆனால் தரப்பட்ட பணியை ஊன்றிப் பார்த்தால் குறை வேறிடத்தில் இருப்பது புலப்படும். ‘நீர் மாசுபாடு’ என்பது தலைப்பே அன்றிக் கேள்வியன்று. தலைப்பைத் தந்தால் அதற்குரிய இயல்பான விடை, அந்தப் பொருளைப் பற்றிக் கிடைப்பனவற்றையெல்லாம் ஒன்றாக அடுக்கிய தொகுப்பாகவே இருக்கும். அத்தகைய தொகுப்பை ஏற்கெனவே நூறு பேர் செய்து இணையத்தில் வைத்திருக்கையில், அதைப் பார்த்து எழுதும் மாணவர் தம்மிடம் கேட்கப்பட்டதையே செய்கிறார். ஆகவே, தேடும் திறத்தையும் மதிப்பிடும் திறத்தையும் வளர்க்க விரும்பும் ஆசிரியர், மாணவரைத் திருத்துவதற்கு முன்பு, தாம் தரும் பணியின் அமைப்பைத் திருத்த வேண்டியிருக்கிறது.

இங்கே பேசப்படும் திறத்திற்கு நூலகவியலாளர் ‘தகவல் எழுத்தறிவு’ என்று பெயரிட்டுள்ளனர். எழுத்தறிவு என்பது எழுத்துகளைக் கூட்டிப் படிக்கவும் எழுதவும் தெரிந்திருப்பதைக் குறிப்பது போல, தகவல் எழுத்தறிவு என்பது தகவலைக் கையாளத் தெரிந்திருப்பதைக் குறிக்கிறது. அமெரிக்கத் தகவல்தொழில் கழகத்தின் தலைவராக இருந்த பால் ஸுர்கோவ்ஸ்கி 1974-ஆம் ஆண்டு அரசு ஆணையம் ஒன்றுக்கு அளித்த அறிக்கையில் இச்சொல்லைக் கையாண்டார். 1989-இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழு, தனக்குத் தகவல் தேவைப்படும் தருணத்தை ஒருவர் உணர்வது, அதைத் தேடி அடைவது, அடைந்ததை மதிப்பிடுவது, மதிப்பிட்டதைத் தக்கவாறு பயன்படுத்துவது ஆகிய நான்கையும் இத்திறத்தின் கூறுகளாக வரையறுத்தது. இவற்றுள் முதலாவது கூறுதான் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவது. தமக்கு எது தெரியவில்லை என்பதை மாணவர் உணரும் முன்பே தலைப்பும் உள்தலைப்புகளும் பக்க எண்ணிக்கையும் ஆசிரியரால் தீர்மானிக்கப்பட்டு விடுகின்றன.

அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் 2015-இல் வெளியிட்ட சட்டகம் இந்த வரையறையை இன்னும் ஆழப்படுத்தியது. அது திறன்களின் பட்டியலைத் தருவதை விட்டு, மாணவர் உள்வாங்க வேண்டிய ஆறு அடிப்படைக் கருத்துகளை முன்வைத்தது. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டால் போதும். ஒரு மூலத்துக்குரிய நம்பகம் அதனோடு பிறந்த குணமன்று, எந்தக் கேள்விக்காக, எந்தச் சூழலில், யாரால் அது ஏற்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது என்பது ஒன்று. ஆய்வு என்பது விடைகளைச் சேர்க்கும் வேலையன்று, ஒரு விடை அடுத்த கேள்வியைப் பிறப்பிக்கும் தொடர்ச்சி என்பது மற்றொன்று. ஊர்க் கால்வாய் எப்போது வறண்டது என்று அறிய எண்பது வயது உழவர் ஒருவர் பேராசிரியரை விட நம்பகமான மூலமாக இருக்கலாம். அதே கால்வாயில் கரைந்துள்ள உப்பின் அளவை அறிய அவரிடம் செல்வதில் பயனில்லை. இந்த வேறுபாட்டை உணர்ந்த மாணவர், எந்தத் தளம் நல்லது, எந்தத் தளம் கெட்டது என்ற பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

பணியின் வாசகமே மாணவரின் தேடலை வடிவமைக்கிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு. அமெரிக்காவில் ‘ப்ராஜெக்ட் இன்ஃபர்மேஷன் லிட்ரசி’ என்னும் ஆய்வுக்குழு 2010-இல், 28 கல்லூரி வளாகங்களில் பேராசிரியர்கள் மாணவருக்கு அளித்த 191 பணிக்குறிப்புத் தாள்களைத் திரட்டி ஆராய்ந்தது. பக்க அளவு, மேற்கோள் காட்டும் முறை, ஒப்படைக்கும் நாள் முதலிய புறவடிவம் பற்றிய கட்டளைகள் அத்தாள்களில் நிறைந்திருந்தன. தேடலை எங்கே தொடங்குவது, கிடைத்ததை எவ்வாறு எடைபோடுவது என்பன பற்றிய வழிகாட்டல் குறைவாகவே இருந்தது. நூலகரை அணுகுமாறு சொன்ன தாள்கள் 13 விழுக்காடு மட்டுமே. இதன் மறுபக்கத்தை ‘சைட்டேஷன் ப்ராஜெக்ட்’ என்னும் வேறோர் ஆய்வு காட்டியது. அது 16 கல்லூரிகளின் மாணவர் எழுதிய 174 கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொரு மேற்கோளையும் அதன் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தது. மேற்கோள்களில் ஏறத்தாழப் பாதி, மூலத்தின் முதல் பக்கத்திலிருந்தே எடுக்கப்பட்டிருந்தன. ஒரு நூலையோ கட்டுரையையோ முழுமையாகப் படித்து அதன் வாதத்தைச் சுருக்கிச் சொன்ன இடங்கள் மிகச் சில. ‘குறைந்தது ஐந்து மூலங்கள் வேண்டும்’ என்று மட்டும் கட்டளையிடும் பணிக்கு, ஐந்து நூல்களின் முதல் பக்கத்திலிருந்து ஐந்து வாக்கியங்களைப் பறித்துத் தருவது முழுமையான விடையாகி விடுகிறது.

தேடும் மாணவரின் மனநிலையையும் இங்கே கருத வேண்டும். ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் கேரல் கூல்தாவ் 1980-களில் பள்ளி இறுதியாண்டு மாணவர்களின் தேடலைத் தொடர்ந்து கவனித்து, அது தொடக்கம், தலைப்புத் தெரிவு, துழாவல், நோக்கை வரையறுத்தல், திரட்டல், எடுத்துரைத்தல் என ஆறு கட்டங்களில் நடப்பதாக விளக்கினார். தலைப்புக் கிடைத்ததும் எழும் ஊக்கம், பலவற்றைத் துழாவும் மூன்றாம் கட்டத்தில் வடிந்து, குழப்பமும் ஐயமும் தன்னம்பிக்கைக் குறைவும் மிகுகின்றன என்பதும், கேள்வி கூர்மைப்படும் நான்காம் கட்டத்தில்தான் தெளிவு திரும்புகிறது என்பதும் அவருடைய ஆய்வின் சாரம். ஒன்றுக்கொன்று முரண்படும் செய்திகளைப் படித்துக் குழம்பி நிற்கும் அந்தக் கட்டத்தில்தான் உண்மையான கற்றல் நிகழ்கிறது. ஆனால் அந்தக் கட்டத்தில் மாணவர் தனியே இருக்கிறார். முதல் நாள் தலைப்பைச் சொல்லி, முப்பதாம் நாள் நோட்டை வாங்கும் ஆசிரியர், பத்தாம் நாளின் குழப்பத்தை அறிவதில்லை. குழப்பத்திலிருந்து தப்ப இருக்கும் மிக எளிய வழி, யாரோ எழுதிய ஒழுங்கான கட்டுரை ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்வதுதான். மாணவர் ஏன் பார்த்து எழுதுகிறார் என்ற கேள்விக்கு, அறவொழுக்கம் பற்றிய அறிவுரைகளைக் காட்டிலும் இந்த விளக்கம் நேர்மையானது.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு ஒரு பணியை எவ்வாறு அமைக்கலாம் என்பதைத் தமிழ் மாணவர் நன்கறிந்த ஒரு பொருளைக் கொண்டு காட்டலாம். ‘கீழடி’ என்னும் தலைப்பில் ஒப்படைப்பு எழுதாத உயர்நிலைப்பள்ளி இன்று அரிது. அவற்றில் உறைகிணறு, சுடுமண் பொம்மை, செங்கற் கட்டுமானம் என்ற வரிசையும் அதே நிழற்படங்களும் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்தத் தலைப்பை நீக்கிவிட்டு, ‘கீழடி 2,600 ஆண்டுகள் பழமையானது என்று சொல்லப்படுகிறது, அந்த எண் எங்கிருந்து வந்தது?’ என்று ஒரே ஒரு கேள்வியைத் தந்தால் நிலைமை மாறிவிடுகிறது. இதற்குத் தொகுப்பை எழுதி விடை சொல்ல முடியாது; எண்ணின் தடத்தைப் பின்பற்றி மேலே செல்ல வேண்டும்.

செய்தித்தாளில் தொடங்கும் மாணவர், 2019 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையை அச்செய்தி சுட்டுவதைக் காண்பார். அறிக்கைக்குச் சென்றால், நான்காம் கட்ட அகழாய்வில் எடுக்கப்பட்ட ஆறு கரிம மாதிரிகள் அமெரிக்காவின் மயாமி நகரிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டதையும், 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரி கி.மு. 580-ஐச் சேர்ந்ததாகவும், 200 செ.மீ. ஆழத்தில் கிடைத்தது கி.மு. 205-ஐச் சேர்ந்ததாகவும் கணிக்கப்பட்டதையும் படிப்பார். கி.மு. 580-லிருந்து 2019 வரை எண்ணினால் 2,598 ஆண்டுகள். செய்தித்தாள் அதை முழு எண்ணாக்கி 2,600 என்றது. ஒரு தலைப்புச் செய்தி ஆய்வகத்திலிருந்து வாசகரை அடையும் முழுப் பாதையையும் இந்தச் சிறு கணக்கின் வழியாக மாணவர் தம் கையாலேயே அளந்து விடுகிறார்.

அதோடு தேடல் நிற்பதில்லை. 2017-ஆம் ஆண்டுச் செய்திகளைத் திறந்தால், இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையின் அகழாய்வில் கிடைத்த இரண்டு மாதிரிகளைக் கொண்டு கீழடியின் வயது ஏறத்தாழ 2,200 ஆண்டுகள் என்று அறிவிக்கப்பட்டிருப்பது தெரியும். இரண்டு ஆண்டுகளில் ஓர் ஊருக்கு 400 வயது எப்படிக் கூடியது என்ற கேள்வி, பதின்மூன்று வயதுக் குழந்தையையும் நிமிர்ந்து உட்கார வைக்கும் தன்மையது. இரு எண்களில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்பதே முதல் எண்ணமாக இருக்கும். 2019 அறிக்கையிலேயே 200 செ.மீ. ஆழ மாதிரி ஏறத்தாழ 2,200 ஆண்டுகளையும், 353 செ.மீ. ஆழ மாதிரி ஏறத்தாழ 2,600 ஆண்டுகளையும் காட்டுவதைக் கவனித்த பிறகுதான், காலக்கணிப்பு ஊருக்குச் செய்யப்படுவதில்லை, குறிப்பிட்ட ஆழத்தில் கிடைத்த குறிப்பிட்ட பொருளுக்கே செய்யப்படுகிறது என்பதும், மாதிரி மாறினால் எண்ணும் மாறும் என்பதும் விளங்கும். கரிமக் காலக்கணிப்பு ஒற்றை ஆண்டைச் சொல்வதில்லை, ஏற்றக்குறைவுக்கு இடமளித்து ஒரு கால இடைவெளியையே சொல்கிறது என்பதும், ஆய்வாளர் ‘இற்றைக்கு முன்’ என்று எழுதும்போது 1950-ஐத் தொடக்கமாகக் கொள்வது மரபு என்பதும் இதே தேடலில் வந்து சேரும் செய்திகள். மேல்நிலை மாணவராயின் இன்னும் ஒரு படி செல்லலாம்: முதல் இரு கட்ட அகழாய்வுகளின் அறிக்கை 2023 ஜனவரியில் அளிக்கப்பட்டதையும், அதில் திருத்தங்கள் செய்யுமாறு இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறை 2025 மே மாதத்தில் கேட்டதையும், அதனால் எழுந்த விவாதத்தையும் எடுத்துக்கொண்டு, யார் எந்தச் சான்றைக் கொண்டு எதைச் சொல்கிறார் என்று ஒரு பட்டியல் இடலாம். பெருமிதம் கலந்த பொருளில் இப்படிக் கேள்வி கேட்பது பெருமிதத்தைக் குறைத்துவிடும் என்று சில ஆசிரியர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் தேவையற்றது. ஆழமும் மாதிரியும் ஆய்வகமும் அறிந்து ஓர் எண்ணைச் சொல்லும் மாணவரின் பற்று, அறியாமல் சொல்பவரின் பற்றை விட உறுதியானது.

தேடுசொல்லைத் தேர்வது தனியே கற்பிக்கப்பட வேண்டிய கலை என்பதையும் இந்தப் பணி காட்டிவிடும். கீழடி என்ற பெயர் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வகையாக எழுத்துக்கூட்டி எழுதப்படுவதால், ஒன்றை இட்டுத் தேடுபவருக்கு மற்றொன்றில் உள்ள கட்டுரைகள் தவறிப்போகும். தமிழ் எழுத்தில் தேடினால் கிடைக்கும் செய்திகள் முற்றிலும் வேறாக இருக்கும். எந்தச் சொல்லை இட்டபோது எது கிடைத்தது என்று மாணவர் குறித்து வைப்பதே ஒரு பாடம்.

கிடைத்த தளத்தை எவ்வாறு எடைபோடுவது என்பதில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வந்த முறை, அந்தப் பக்கத்தையே உற்றுப் பார்த்து, ஆசிரியர் பெயர் உள்ளதா, நாள் உள்ளதா, நிறுவன முத்திரை உள்ளதா என்று சரிபார்ப்பது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இம்முறையின் போதாமையை வெளிப்படுத்தியது. அவர்கள் 10 வரலாற்று அறிஞர்கள், 10 தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஆகியோரிடம் இணையதளங்களைத் தந்து மதிப்பிடச் செய்தனர். குழந்தை மருத்துவர்களின் பெயரில் இயங்கும் இரண்டு அமைப்புகளின் தளங்கள் அவற்றுள் இருந்தன. ஒன்று 1930-இல் தோன்றி அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட உறுப்பினரைக் கொண்ட பழைய அமைப்பு, மற்றது கொள்கை மாறுபாட்டால் 2002-இல் பிரிந்து சென்ற சிறு குழு. சரிபார்ப்பாளர் அனைவரும் சரியாகக் கண்டுகொண்டனர். மாணவரில் பெரும்பாலோர் சிறு குழுவின் தளத்தையே நம்பகமானதாகக் கொண்டனர். வரலாற்று அறிஞர்களும் தடுமாறினர். வேறுபாடு அறிவில் இல்லை, முறையில் இருந்தது. அறிஞரும் மாணவரும் பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்தனர். சரிபார்ப்பாளர் சில நொடிகளிலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர் என்ன சொல்கின்றனர் என்று வேறு சாளரங்களில் தேடினர். இதற்குப் பக்கவாட்டு வாசிப்பு என்று பெயர். பெண் பார்க்கச் செல்லும் முன் அக்கம்பக்கத்தில் விசாரிக்கும் வழக்கத்தை அறிந்த சமூகத்துக்கு இது புதிய அறிவன்று. அதை இணையத்திலும் செய்ய வேண்டும் என்பதுதான் புதிது. ஒப்படைப்பில் ‘நீங்கள் பயன்படுத்திய ஒரு தளத்தைப் பற்றி அந்தத் தளத்துக்கு வெளியே என்ன அறிந்தீர்கள்?’ என்ற ஒரு வினாவைச் சேர்த்தால் இந்தப் பழக்கம் தொடங்கிவிடும்.

இணைய வசதியோ ஆங்கிலப் பயிற்சியோ மிகுதியாக இல்லாத ஊர்ப் பள்ளியில் இவை நடவாது என்று கருத வேண்டியதில்லை. சொந்த ஊர் ஏரியே சிறந்த ஆய்வுக்களம். ‘நம் ஊர் ஏரியின் பரப்பு எவ்வளவு?’ என்று, தென் மாவட்டமாயின் ஏரிக்குப் பதில் கண்மாய் என்று, எட்டாம் வகுப்பில் கேட்கலாம். பார்வைக்கு ஓர் எண்ணில் முடிந்துவிடும் கேள்வி போலத் தோன்றும் இது, மாணவரைக் குறைந்தது நான்கு இடங்களுக்கு அழைத்துச் செல்லும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் பரப்பும் வகைப்பாடும் பதிவாகியுள்ளன. அரசின் இணையச் சேவைத் தளத்திலும் அதன் விவரங்களைப் பார்க்கலாம். அங்கே ஏரி, புறம்போக்கு என்ற வகையில், ஹெக்டேர், ஏர் என்னும் அலகுகளில் எழுதப்பட்டிருக்கும். ஊர்ப் பெரியவர் ஏக்கரில் சொல்வார். வட மாவட்டத்தில் சிலர் காணிக்கணக்கில் சொல்வர். கைப்பேசியின் வரைபடச் செயலியில் ஏரியின் விளிம்பைத் தொட்டு அளந்தால் மூன்றாவதாக ஓர் எண் வரும். நீர்வளத் துறைப் பலகையோ ஊராட்சிப் பலகையோ கரையில் நின்றால் அதில் நான்காவதாக ஓர் எண் இருக்கும்.

ஹெக்டேர் ஒன்றுக்கு 2.47 ஏக்கர் என்று மாற்றிய பிறகும் எண்கள் பொருந்தாதபோதுதான் பாடம் தொடங்குகிறது. பதிவேடு சொல்வது ஏரிக்கென ஒதுக்கப்பட்ட மொத்த நிலத்தை; செயலியில் அளந்தது, செயற்கைக்கோள் படம் எடுத்த மாதத்தில் நீர் நின்ற அளவை; பெரியவர் சொன்னது, ஏரி நீரால் விளையும் ஆயக்கட்டு நிலத்தையாக இருக்கலாம். மூன்றும் பரப்புதான், மூன்றும் மெய்தான், ஆயினும் மூன்றும் ஒன்றன்று. அதற்குப் பிறகும் எஞ்சும் வேறுபாடு இருக்குமாயின், அது வண்டல் மேட்டாலா, கரையோர ஆக்கிரமிப்பாலா, பதிவுப் பிழையாலா என்று வகுப்பு விவாதிக்கலாம். மாநில அளவிலும் இதே சிக்கல் உண்டு: தமிழ்நாட்டின் ஏரிகளின் எண்ணிக்கை 39,202 என்றும் 41,127 என்றும் இரு எண்கள் வழங்கி வருகின்றன. ‘ஏரி’ என்று எதை எண்ணுவது என்ற வரையறையைக் கேளாமல் இரண்டில் ஒன்றை எடுத்தெழுதும் கட்டுரை, எவ்வளவு அழகான கையெழுத்தில் இருந்தாலும் ஆய்வாகாது. இந்தப் பணியை விலைக்கு வாங்க முடியாது. பக்கத்து ஊர் மாணவரின் நோட்டைப் பார்த்தும் எழுத முடியாது, ஏனெனில் அவருடைய ஏரி வேறு.

இத்தகைய பணிக்கு ஒற்றைக் கெடு பொருந்தாது. முதல் வாரத்தில், தெரிந்தது எது, தெரியாதது எது என்று அரைப்பக்கம். இரண்டாம் வாரத்தில், தேடிய இடங்களும் இட்ட சொற்களும் கிடைத்தவையும் கிடைக்காதவையும் குறித்த தேடல் குறிப்பேடு. மூன்றாம் வாரத்தில், முரண்படும் இரண்டு மூலங்களைப் பற்றிய ஒரு பத்தி. அதன்பின் இறுதி வடிவம் என்று பிரித்து வாங்கும்போது, கூல்தாவ் சுட்டிய குழப்பக் கட்டத்தில் ஆசிரியர் உடனிருக்க முடிகிறது. அறுபது பேர் இருக்கும் வகுப்பில் இவ்வளவையும் திருத்துவது எப்படி என்பது நியாயமான கேள்வி. இறுதி வடிவத்தை இருபது பக்கத்திலிருந்து இரண்டு பக்கமாகக் குறைத்து, நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்தால், வாசிக்க வேண்டிய தாள்களின் எண்ணிக்கை முன்பை விடக் குறையும். மதிப்பெண் எங்கே விழுகிறதோ அங்கேதான் மாணவரின் உழைப்பும் செல்லும் என்பதால், இருபது மதிப்பெண்ணில் எட்டையேனும் தேடல் குறிப்பேட்டுக்கு ஒதுக்குவது நல்லது. ‘தேடினேன், கிடைக்கவில்லை’ என்ற நேர்மையான பதிவுக்கும் அதில் மதிப்பெண் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அட்டைக்கும் வண்ணக் கோட்டுக்கும் மதிப்பெண் இல்லை என்பதையும் அன்றே சொல்லிவிடலாம். அதனால் பல வீடுகளில் செலவு மிச்சமாகும்.

பிறர் எழுத்தைத் தம்முடையதாகக் காட்டுவதைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் விதிமுறைகளை வெளியிட்டு, எழுத்து ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் படிநிலைப்படி நடவடிக்கை என்று வகுத்தது. ஆய்வேடுகளுக்கு அது தேவையே. ஆயினும் மென்பொருள் அளப்பது சொற்களின் ஒப்புமையை மட்டுமே; ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்ப்புச் செயலியில் இட்டுத் தமிழாக்கினால் அந்த அளவுகோலிலிருந்து எளிதில் தப்பிவிடலாம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, தலைப்பைத் தந்து கட்டுரை கேட்கும் பணியின் ஆயுள் முடிந்தே விட்டது. அத்தகைய கருவிகள் இல்லாத நூலையும் வழக்கையும் இருப்பதுபோல் ஒழுங்கான வடிவில் எழுதிவிடும் என்பதை, நியூயார்க்கில் வழக்கறிஞர் இருவர் சாட்ஜிபிடி புனைந்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி, 2023 ஜூனில் 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்ட நிகழ்வு உலகுக்குக் காட்டியது. கருவியைத் தடை செய்வதால் பயன் சிறிதே. அது தந்த ஒரு பத்தியை மாணவர் கையில் கொடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு கூற்றுக்கும் மூலம் தேடச் சொல்லி, கிடைத்தது, கிடைக்கவில்லை, தவறு என்று ஓரத்தில் குறிக்கச் செய்வது சிறந்த ஒப்படைப்பாக அமையும்.

இந்த முயற்சியில் ஆசிரியருக்கு இயல்பான துணைவர் நூலகர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924-இல் பொறுப்பேற்ற சீர்காழி எஸ். ஆர். இரங்கநாதன், அதற்கு முன்பு கணித ஆசிரியராக இருந்தவர். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பதைப் பற்றியது. ஒரே வாரத்தில் அறுபது மாணவர் ஒரே நூலைத் தேடி வரப்போவதை முன்கூட்டி அறிந்த நூலகர், அந்நூலைத் தனியே எடுத்து வைத்து, வேறு மூன்று வழிகளையும் காட்டுவார். அறியாத நூலகரால் கையைத்தான் விரிக்க முடியும். தனி நூலகர் இல்லாமல் ஓர் ஆசிரியரே நூலகப் பொறுப்பையும் சுமக்கும் பள்ளிகள் ஏராளமாக இருப்பதால், மாவட்ட மைய நூலகத்தையும் கிளை நூலகத்தையும் இப்பணியில் இணைத்துக்கொள்வது அவசியமாகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஈழத்து எழுத்துகளைத் திரட்டிவரும் நூலகம் நிறுவனத்தின் தளமும் கட்டணமின்றித் திறந்திருக்கின்றன; அவற்றின் பெயரைக்கூட அறியாமல் பள்ளிப்படிப்பை முடிக்கும் மாணவர் பலர் என்பது வருந்தத்தக்கது. வீட்டில் ஒரே கைப்பேசியை மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் குடும்பத்துப் பிள்ளைக்கு, தேடலின் முதல் கட்டமேனும் பள்ளி நேரத்திற்குள், நூலகப் பாடவேளையில் நடந்தாக வேண்டும். அவ்வாறு நடக்காவிட்டால் இப்பணியும் வசதியுள்ளோருக்கே கூடுதல் மதிப்பெண் தருவதாகிவிடும்.

ஒரு பணி நன்கு அமைந்துள்ளதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அடுத்த பருவத்துக்கான ஒப்படைப்பை எழுதும் ஆசிரியர், அதை வகுப்பில் அறிவிக்கும் முன்பு, தம் மாணவருக்குக் கிடைக்கும் அதே கைப்பேசியையும் அதே நூலகத்தையும் மட்டும் கொண்டு ஒரு மாலைப்பொழுது தாமே அதைச் செய்து பார்க்க வேண்டும். பத்து நிமிடத்தில் ஒரே பக்கத்திலிருந்து முழு விடையும் கிடைத்துவிட்டால், அந்தக் கேள்வியை மாற்றி எழுதுவது நலம்.